ஏ.டி.பி.க்குப் பின்னால் ஒரு சுப்பாராவ்

ஏ.டி.பி. என்ற மூன்றெழுத்தை நாம் எல்லாரும் உயிரியல் பாடத்தில் மனனம் செய்திருப்போம். உயிரணுவின் எரிபொருள் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அதைத் தசையிலிருந்து முதலில் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் சென்னையில் மருத்துவம் படித்தவர் என்பது எனக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு அடினோசின் ஏற்பிகளைப் படித்தபோதுதான் தெரிந்தது. அவர் பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் தெலுங்குக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரப் பையன் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 13 வயதில் காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். தாயார் விடவில்லை, திரும்பக் கொண்டுவந்து பள்ளியில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தவறி, சென்னை இந்து உயர்நிலைப்பள்ளியிலிருந்து மூன்றாம் முறை எழுதித்தான் தேறினார். எஸ்.பி.எம். முடிவு வந்ததும் வாழ்க்கையே போய்விட்டது என்று அழும் தம்பி தங்கைகளுக்காக இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதராடை உடுத்தினார். அறுவை மருத்துவப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கைக்கு வந்தது. அதோடு சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். இதற்கிடையில் குடலை அரிக்கும் ஸ்ப்ரூ நோயால் அண்ணன் தம்பிகளில் இருவரைச் சில நாள் இடைவெளியில் இழந்தார். அந்த நோய்க்கு அப்போது சரியான மருந்து கிடையாது.

1922இல் மாமனாரின் உதவியோடு அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். கர்ப்பிணியாக இருந்த மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுப் போனார். பிறந்த மகன் குழந்தையாகவே இறந்துவிட்டான். சுப்பாராவ் கடைசி வரை தாயகம் திரும்பவே இல்லை. அவரைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். என்னால் அவ்வளவு எளிதில் கடக்க முடியவில்லை. அவர் கண்டுபிடித்தவற்றின் விலையில் ஒரு பங்கைக் கொடுத்தவர் சேஷகிரி.

ஹார்வர்டில் படித்தபடியே, செலவுக்காக மருத்துவமனையில் இரவு நேர ஊழியராக நோயாளிகளின் கழிவுத்தட்டுகளைச் சுத்தம் செய்தார். பிறகு சைரஸ் ஃபிஸ்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளக்கும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டார்கள். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயரை ஆய்வகக் கையேடுகளில் இன்றும் பார்க்கலாம். அந்த அளவுகோலை வைத்தே தசையில் பாஸ்போகிரியாட்டினை 1927இலும், ஏ.டி.பி.யை 1929இலும் கண்டார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பவரும் ஏ.டி.பி.யைத் தனியாகக் கண்டுபிடித்தார்.

அந்த 1929இல் இன்னொன்றும் நடந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ட்ரூரி, செண்ட்-ஜியார்ஜி என்ற இருவர், அடினோசினைச் செலுத்தினால் விலங்கின் இதயத் துடிப்பு மெதுவாகிறது என்று அறிவித்தார்கள். ஏ.டி.பி.யின் மூன்று பாஸ்பேட்டுகளும் கழன்றபின் மிஞ்சுவதுதான் அடினோசின். உயிரணு தன் எரிபொருளை அதிகமாகச் செலவழிக்கும்போது அடினோசின் வெளியே சேர்கிறது. பக்கத்து உயிரணுக்களின் ஏற்பிகளில் ஒட்டி, வேலையைக் குறை, இரத்தக்குழாயை விரி என்று செய்தி சொல்கிறது. இந்த ஏற்பிகள் நான்கு வகை. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் கூடித் தூக்கம் சொக்குகிறது. தேர்வு வாரத்தில் நாம் குடிக்கும் கோப்பி-ஓவில் உள்ள கஃபைன், அந்த ஏற்பியில் தான் போய் உட்கார்ந்து அடினோசினுக்கு இடமில்லாமல் செய்துவிடும். மருத்துவமனையிலோ, சிலவகைப் படபடப்பில் தறிகெட்டு ஓடும் இதயத்தை அடினோசின் ஊசி சில நொடிகளில் வழிக்குக் கொண்டுவருகிறது.

இத்தனைக்கும் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்களை ஃபிஸ்க் வெளிவரவே விடவில்லை என்றும், பல ஆண்டு கழித்து மற்றவர்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், அங்கே படித்துப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். சுப்பாராவ் இதற்காகச் சண்டை பிடித்ததாகத் தெரியவில்லை. பிடித்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1940இல் நியூயார்க் மாநிலத்தின் லெடர்லி ஆய்வகத்துக்கு மாறினார். விரைவில் அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். எட்டே ஆண்டுகள்தான், ஆனால் வந்தவை ஏராளம். அவருடைய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. உடன்பிறந்தவர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூ நோயின் இரத்தசோகைக்கு அது மருந்தானது. யானைக்கால் நோய்க்கு 1947இல் டைஎதில்கார்பமசின் வந்தது. மலேசியாவின் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் கொடுக்கப்பட்ட மாத்திரைகளில் இதுவும் ஒன்று. ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவம் கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினையும் அவர்கள் உருவாக்கினார்கள். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அதை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சாவை எதிர்நோக்கியிருந்த பிள்ளைகளில் சிலர் சில மாதங்களாவது எழுந்து விளையாடினார்கள். ஃபார்பரின் கட்டுரை 1948 ஜூனில் வெளிவந்தது. அந்த ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 53.

அமினோப்டெரினின் உடன்பிறப்பு மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு அதைக் குறைந்த அளவில் கொடுக்கும்போது, உயிரணுக்களுக்கு வெளியே அடினோசின் கூடி, அதன் ஏற்பிகள் வழியாக வீக்கம் தணிகிறது என்பது பிற்கால ஆய்வுகள் தந்த முக்கியமான விளக்கம். என் பாட்டி இந்த மாத்திரையை வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடுகிறார். பக்கவிளைவு வராமலிருக்க மறுநாள் காலை ஃபோலிக் அமிலமும் எடுத்துக்கொள்கிறார். இரண்டும் ஒரே ஆய்வகத்தில் பிறந்தவை என்று சொன்னேன். அந்த மனிதரின் மனைவி பிறகு என்ன ஆனார் என்றுதான் பாட்டி முதலில் கேட்டார்.