கணக்குப் பார்த்த மனுஷர்: ஜே.சி. குமரப்பா



இந்த மலருக்கு ஒரு பெரியவரோட வாழ்க்கையை எழுதிக் குடு அம்மிணின்னு தலைவி அக்கா சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். காந்தி, காமராஜர் பற்றி எழுத நிறையப் பேர் இருக்காங்க. நான் எழுதப் போவது ஜே.சி. குமரப்பா பற்றி. என் மாமனார் கதர்க் கடையில் வேலை பார்த்தவர். அவர் தகரப் பெட்டியில் இருந்த பழைய புத்தகங்களில்தான் இந்தப் பேரை முதலில் பார்த்தேன்.

இவரை எழுத இன்னொரு காரணமும் உண்டு. போன கூட்டம் உக்கடத்தில் நடந்தபோது நாம பேசினது ஞாபகம் இருக்குங்களா? நம்ம தோப்புகளில் விழுகிற தேங்காய்த் தொட்டியையும் மட்டையையும் வெளியூர் வியாபாரி லாரி கொண்டு வந்து அள்ளிக்கிட்டுப் போறார். விலை அவர் சொல்றதுதான். மூணு ஊராட்சிக் குழுக்களும் சேர்ந்து, அதை நாமே சேகரித்துக் கரியாக்கி விற்கலாமா என்று தீர்மானம் வந்தது. பாதிப் பேர் கையெழுத்துப் போடவில்லை. நானும் போடவில்லை. சேமிப்புப் பணம் போயிட்டா யார் பதில் சொல்றது என்ற பயம்தான். வீட்டுக்கு வந்து இவர் கதையைத் திரும்பவும் படித்தேன். அதைத்தான் இங்கே சொல்றேன்.

குமரப்பா 1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பம். அப்பா அரசாங்கப் பொதுப்பணித் துறையில் இருந்தவர். அப்போது இவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். சென்னையில் படித்து, லண்டன் போய்க் கணக்குத் தணிக்கை கற்று, பம்பாயில் ஆடிட்டர் ஆனார். நல்ல சம்பாத்தியம், கோட்டு சூட்டு, வெள்ளைக்காரர் மாதிரி வாழ்க்கை.

1927-ல் அமெரிக்கா போனார். அங்கே சிரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் படித்தார். ஒரு சர்ச்சில் இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று பேசினார். அது பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த அவருடைய பேராசிரியர், இதையே ஆராய்ச்சியாக எழுதச் சொன்னார். அரசாங்கக் கணக்குப் புத்தகங்களை எடுத்து வைத்து வரவு செலவு பார்த்தார். நம்ம ஜனங்க கொடுத்த வரி நம்ம ஜனங்களுக்குச் செலவாகவில்லை, வெளியே போகுது என்று கணக்கிலேயே தெரிந்தது. அதுவரை வெள்ளைக்கார ஆட்சியை நல்லது என்று நினைத்தவர் அன்றோடு மாறிப்போனார். அவரை மாற்றியது யாருடைய மேடைப் பேச்சும் இல்லை, கணக்குப் புத்தகம்தான்.

1929 மே மாதம் அந்த எழுத்தை எடுத்துக்கொண்டு சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மரத்தடியில் சாணி மெழுகின தரையில் ஒரு பெரியவர் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இவர் சூட்டுப் போட்டுக்கொண்டு கைத்தடியோடு நின்று பார்த்தார். பேசின பிறகுதான் அவர்தான் காந்தி என்று தெரிந்தது. அப்புறம் இவரும் அந்தச் சாணித் தரையிலேயே உட்கார்ந்தார். அதுக்கப்புறம் பம்பாய் ஆடிட்டர் வாழ்க்கைக்குத் திரும்பவே இல்லை. கார்னீலியஸ் என்ற பேரை விட்டு, பரம்பரைப் பேரான குமரப்பாவை வைத்துக்கொண்டார். கதர் கட்டினார். கடைசி வரை கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

காந்தி அவருக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை என்ன தெரியுங்களா? குஜராத்தில் மாதர் என்ற தாலுகாவில் 54 கிராமங்களுக்குப் போய்க் கணக்கெடுப்பது. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். என்ன விளையுது, என்ன வாங்கறாங்க, எவ்வளவு கடன், எவ்வளவு வரி என்று எழுதினார். ஒரு ஊருக்கு எது நல்லது என்று சொல்வதற்கு முன்னால், அந்த ஊரில் என்ன இருக்கிறது, எது வெளியே போகிறது என்று எண்ணிப் பார்க்கணும் என்பது அவர் வழக்கம். பின்னாளில் மத்திய மாகாணத்திலும் நூற்றுக்கணக்கான கிராமங்களை இப்படியே கணக்கெடுத்தார்.

1934 ஜனவரியில் பீகாரில் பெரிய பூகம்பம். நிவாரணப் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று சில அணாக்களை அளவாக வைத்தார். அந்தச் சமயம் காந்தியே தன் ஆட்களோடு அங்கே வந்தார். அவருடைய செலவைக்கூட நிவாரணப் பணத்தில் எழுத முடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டதாகச் சொல்லுவாங்க. காந்திக்குக் கோபம் வரவில்லை, ஏற்றுக்கொண்டார். நம்ம குழுவில் ரொக்கப் புத்தகம் எழுதுகிற பொண்ணு, தலைவி அக்கா செலவுக்கும் ரசீது கேட்டால் நாம முகம் சுளிக்கிறோம். இனிமேல் சுளிக்கக் கூடாதுங்க.

அந்த வருஷக் கடைசியில் அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் ஆரம்பித்தார்கள். செயலாளர் குமரப்பா. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் வேலை நடந்தது. காந்தியின் உறவினர் மகன்லால் பேரால் வைத்த பேர் அது. எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, வெல்லம், கையால் செய்யும் காகிதம், தேனீ, சோப்பு என்று பல தொழில்களை அங்கே சோதித்துப் பார்த்துக் கற்றுக்கொடுத்தார்கள்.

அதில் என் மனசுக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று மகன் தீபம். மண்ணெண்ணெய் இல்லாமல் தாவர எண்ணெயில் எரிகிற விளக்கு. இன்னொன்று புகை குறைந்த அடுப்பு. நான் சின்னப் பொண்ணாக இருந்தபோது எங்க அம்மா வெறகு அடுப்பு ஊதி ஊதி இருமுவதைப் பார்த்திருக்கிறேன். நான் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவள். அதனால்தான் ஒரு ஆடிட்டர் விளக்கையும் அடுப்பையும் பற்றி யோசித்தது எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

அவருடைய கணக்கு எளிமையானது. மண்ணெண்ணெய் வாங்கினால் காசு எங்கேயோ கடல் தாண்டிப் போகும். ஊர் வித்தை ஊர்ச் செக்கில் ஆட்டி விளக்கெரித்தால் அந்தக் காசு விவசாயிக்கும், செக்குக்காரருக்கும், விளக்குச் செய்கிறவருக்கும் போய், சுற்றி நம்ம கடைக்கே வரும். புண்ணாக்கு மாட்டுக்கு, மாட்டுச் சாணி வயலுக்கு. ஒருத்தர் தொழிலை இன்னொருத்தர் தாங்கினால்தான் இது ஓடும். ஒரே ஊர் தனியாகச் செய்ய முடியாததை நாலு ஊர் சேர்ந்து செய்யணும் என்றும் சொன்னார்.

1940-களில் ஜபல்பூர் சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது 1945-ல் வந்தது. உலகத்துச் செல்வம் இரண்டு வகை என்பது அதில் உள்ள முக்கியமான விஷயம். நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் தொட்டியில் தேக்கி வைத்த தண்ணி மாதிரி. எடுக்க எடுக்கக் குறையும், அதுக்காக நாடுகள் சண்டை போடும். மரம், பயிர், சாணி எல்லாம் ஓடுகிற வாய்க்கால் மாதிரி. அளவோடு எடுத்தால் வருஷா வருஷம் வரும். இப்போ எங்கேயோ சண்டை என்றால் நம்ம வீட்டு சிலிண்டர் விலை பற்றிப் பேச்சு வருதில்லையா, அப்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். பொருளாதாரத்தை அவர் பல படிகளாகப் பிரித்தார். அடித்துத் தின்னும் புலி மாதிரி ஒன்று. கூட்டமாக உழைக்கும் தேனீ மாதிரி ஒன்று. எல்லாத்துக்கும் மேலே கைம்மாறு பார்க்காத தாயை வைத்தார்.

சுதந்திரம் வந்த பிறகு, காங்கிரஸ் கட்சி போட்ட நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். உழுகிறவருக்கே நிலம், நடுவில் தரகர் வேண்டாம் என்று 1949-ல் அந்தக் குழு சொன்னது. அதில் பெரும்பாலும் நடக்கவில்லை. பெரிய ஆலைகள் பக்கமே நாடு போனது. அவர் மனசு நொந்திருக்கும். ஆனாலும் பதவி தேடிப் போகவில்லை. கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் சின்னக் குடிலில் இருந்தார். அங்கே ஒரு ஏழை விவசாயியின் படத்தை மாட்டி வைத்திருந்தாராம். காந்தி தன் எஜமானர், இவர் அந்த எஜமானருக்கும் எஜமானர் என்று வந்தவர்களுக்குக் காட்டுவாராம். 1960 ஜனவரி 30-ம் தேதி இறந்தார். காந்தி இறந்த அதே தேதி.

அவர் போன பிறகும் அவர் சொன்னது முடிந்துவிடவில்லை. 1960-களிலிருந்து கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு ஊர் ஊராகச் சாண எரிவாயுக் கலன் கட்ட உதவியது. நம்ம மாவட்டத்திலேயே மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி இருக்குது. குடிதண்ணி மோட்டார் ஓட்ட 9 கிலோவாட் மரக்கழிவு எரிவாயு எந்திரம் வைத்தாங்க. மர அறுவை மில்லில் கிடக்கிற கழிவுதான் எரிபொருள். பிறகு 2006-ல் ஊராட்சிச் சேமிப்போடு பேங்குக் கடனும் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையும் வைத்தாங்க. மில், ஊராட்சி, பேங்கு, அரசாங்கம் எல்லாரும் கை கோத்ததால்தான் இதெல்லாம் முடிந்தது.

தனியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். எங்க ஊரில் ஒரு வீட்டில் சாண எரிவாயுக் கலன் கட்டினாங்க. ஒரு குடும்பத்துக்கான 2 கன மீட்டர் கலனுக்கு தினமும் 50 கிலோ சாணி வேணும், அதாவது நாலஞ்சு மாடு. மாடு வித்ததும் கலன் சும்மா நின்றது. இப்போ அதில் மழைத்தண்ணிதான் நிற்குது. பக்கத்து நாலு வீட்டுச் சாணி சேர்ந்திருந்தால் அது இன்னைக்கும் எரிஞ்சிருக்கும். குறை கலனில் இல்லீங்க, சேராததில்தான்.

அதனால் நம்ம தீர்மானத்துக்கு வர்றேன். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. குமரப்பா செய்த மாதிரி செய்யலாம்.

முதலில், மூணு ஊராட்சியிலும் ஒரு மாசம் எண்ணுவோம். எத்தனை தோப்பு, எத்தனை மூட்டை தொட்டி, என்ன விலைக்குப் போச்சு என்று நோட்டில் எழுதுவோம். ஒரு கிலோ கரிக்கு ஏறக்குறைய மூணு கிலோ தொட்டி வேணும். அந்தக் கணக்கில் நமக்கு மிச்சம் நிற்குமா என்று அப்போ தெரிஞ்சுடும்.

இரண்டாவது, குழியில் போட்டு ஊர் முழுக்கப் புகை விடுகிற முறை வேண்டாம். நம்ம லாபத்துக்காகப் பக்கத்து வீட்டுக் குழந்தை இருமக் கூடாது. புகையை அடக்குகிற மூடின சூளைக்கு என்ன செலவு என்று கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கேட்டு, அதையும் கணக்கில் சேர்ப்போம்.

மூணாவது, இதற்குத் தனி ரொக்கப் புத்தகம் வைப்போம். மாசா மாசம் கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படிப்போம். தலைவி அக்கா டீ குடித்தாலும் ரசீது வேணும்.

கணக்கு நஷ்டம் என்று சொன்னால் விட்டுடலாம், அதில் வெட்கமில்லை. லாபம் என்று சொன்னால் போன தடவை பயந்த மாதிரி பயப்படக் கூடாது. எண்ணுகிற வேலைக்கு எங்க ஊர்ப் பக்கம் நான் வர்றேன். என் பேரை எழுதிக்கோங்க அக்கா.

அடுத்த கூட்டத்துக்கு உக்கடம் பஸ் ஏறும்போது ஒவ்வொருத்தரும் ஒரு நோட்டு கொண்டு வாங்க.