ஜன்னலை மூடாத விமானி

பேருந்தில் ஏறியதும் ஜன்னலோர இருக்கையைத் தேடி ஓடுவீர்கள் அல்லவா? காற்று முகத்தில் பட்டால் சுகமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் கண் சொக்கும். நமக்குத் தூக்கத்தைக் கொடுக்கும் அதே காற்று, ஒருவருக்குத் தூக்கத்தை விரட்ட உதவியது. அவர் பெயர் சார்லஸ் லிண்ட்பர்க்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் 1902-ம் ஆண்டு பிப்ரவரி 4-ம் தேதி பிறந்தார். வளர்ந்தது மினசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி நதிக்கரையில் இருந்த ஒரு பண்ணை வீட்டில். அம்மா வேதியியல் ஆசிரியை. 11 வயதிலேயே கார் ஓட்டப் பழகிவிட்டார் சார்லஸ். (நீங்கள் அப்பாவிடம் சாவி கேட்காதீர்கள்!) கல்லூரிப் படிப்பில் மனம் செல்லவில்லை. பாதியில் விட்டுவிட்டு, 1922-ல் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சென்றார். 1926-ல் செயின்ட் லூயிஸ் நகருக்கும் சிகாகோவுக்கும் இடையே தபால் மூட்டைகளைச் சுமந்து பறக்கும் விமானி ஆனார்.

அந்தத் தபால் விமானத்தில் விமானியின் தலைக்கு மேல் கூரை கிடையாது. மழை, பனி, குளிர் எல்லாம் முகத்தில்தான் அடிக்கும். மூடுபனியில் இறங்க இடம் தெரியாமல், எரிபொருளும் தீர்ந்து, அந்த ஒரே ஆண்டில் இரண்டு முறை பாராசூட் கட்டிக்கொண்டு குதித்து உயிர் தப்பினார்.

அந்தக் காலத்தில் விமானிகளின் கனவு ஒன்று இருந்தது. நியூயார்க்குக்கும் பாரிஸுக்கும் இடையே அட்லாண்டிக் கடலை நிற்காமல் கடப்பவர்களுக்கு 25,000 டாலர் பரிசு என்று ரேமண்ட் ஆர்டீக் என்ற ஓட்டல் அதிபர் 1919-ல் அறிவித்திருந்தார். முயன்றவர்களில் சிலர் புறப்படும்போதே விபத்தில் இறந்தனர். 1927 மே மாதம் பாரிஸிலிருந்து கிளம்பிய நுங்கெசர், கோலி என்ற இரு பிரெஞ்சு வீரர்கள் திரும்பவே இல்லை.

லிண்ட்பர்க் தனியாகப் போக முடிவு செய்தார். செயின்ட் லூயிஸ் வணிகர்கள் பணம் கொடுத்தார்கள். சான் டியாகோ நகரில் ரயன் என்ற சிறிய கம்பெனி, டொனால்ட் ஹால் என்ற பொறியாளரின் வரைபடத்தைக் கொண்டு, சுமார் 60 நாளில் விமானத்தைக் கட்டி முடித்தது. 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' என்று அதற்குப் பெயர்.

அந்த விமானத்தின் அறையைக் கற்பனை செய்து பாருங்கள். அகலம் ஒரு மீட்டர்கூட இல்லை. உயரம் 1.3 மீட்டர். உட்கார ஒரு பிரம்பு நாற்காலி. காலை முழுவதும் நீட்ட முடியாது. எதிரே கண்ணாடிக்குப் பதிலாகப் பெரிய பெட்ரோல் தொட்டி! விபத்து நடந்தால் தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நசுங்கக்கூடாது என்று, தொட்டியை முன்னால் வைக்கச் சொன்னவர் லிண்ட்பர்க்தான். அதனால் முன்னால் இருப்பதைப் பார்க்க ஒரு பெரிஸ்கோப்பை எட்டிப் பார்க்க வேண்டும். அல்லது பக்கத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்ட வேண்டும்.

சின்ன விமானத்தில் காற்றோட்டம் சாதாரண விஷயம் அல்ல. பெட்ரோல் ஆவி உள்ளே தேங்கினால் தலை சுற்றும். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சுவாசிப்பவருக்கே தெரியாமல் மயக்கத்தில் தள்ளிவிடும். இன்று வீட்டிலேயே சிறிய விமானம் கட்டுபவர்கள்கூட, புகை கலக்காத இடமாகப் பார்த்துக் காற்று நுழையத் துளை வைப்பார்கள். அது வெளியேற இன்னொரு வழியும் வேண்டும். வீட்டில் ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் புழுங்குகிறது. எதிரே இன்னொன்றையும் திறந்தால் காற்று ஓடுகிறது. அதே கணக்குதான்.

லிண்ட்பர்க்கின் விமானத்தில் இரு பக்கமும் ஜன்னல்கள் இருந்தன. கழற்றி மாட்டக்கூடிய அவற்றின் சட்டங்களைப் பொருத்தினால் காற்றின் தடை குறையும், குளிரும் அடிக்காது. எடையைக் குறைப்பதற்காக ரேடியோ, பாராசூட் எல்லாவற்றையும் விட்டுவிட்டவர், இந்தச் சட்டங்களை மட்டும் கூடவே எடுத்துச் சென்றார்.

1927 மே 20, காலை 7.52 மணி. முந்தைய இரவு சரியாகத் தூங்காமலே நியூயார்க்கை அடுத்த ரூஸ்வெல்ட் மைதானத்திலிருந்து கிளம்பினார். சில மணி நேரத்திலேயே தூக்கம் அழுத்த ஆரம்பித்தது. ஜன்னல்களை மாட்டலாமா என்று யோசித்தார். மாட்டினால் இதமாக இருக்கும். ஆனால் அந்த இதமே ஆபத்து என்று அவருக்குத் தெரியும். மாட்டவில்லை.

இரவில் மேகத்துக்குள் நுழைந்தபோது, கையுறையைக் கழற்றிக் கையை வெளியே நீட்டினார். ஊசி குத்துவது போல இருந்தது. விமானத்தின் மேல் பனிக்கட்டி படிகிறது என்று புரிந்தது. உடனே திரும்பி மேகத்தை விட்டு வெளியேறினார். தூக்கம் மிஞ்சும்போது உள்ளங்கையைக் குவித்து வெளியே நீட்டி, குளிர்காற்றை முகத்தின் மேல் திருப்பினார். அப்படியும் கண் மூடியது. யாரோ பின்னால் நின்று பேசுவது போன்ற மயக்கங்களும் வந்தன. கட்டுப்பாட்டை விட்டால் உடனே வழி விலகும் விமானம் அது. அந்தக் குறையும் அவரை எழுப்பி விட்டது!

மறுநாள் கடலில் மீன்பிடிப் படகுகள் தெரிந்தன. தாழப் பறந்து, திறந்த ஜன்னல் வழியாக அயர்லாந்து எந்தப் பக்கம் என்று கத்திக் கேட்டார். பதில் இல்லை. எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்டிருக்கும்? ஒரு மணி நேரத்துக்குள் அயர்லாந்துக் கரையே கண்ணில் பட்டது.

மே 21 இரவு 10.22 மணிக்குப் பாரிஸின் லெ பூர்ஜே மைதானத்தில் இறங்கினார். மொத்தம் முப்பத்து மூன்றரை மணி நேரம். சுமார் 5,800 கிலோமீட்டர். லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மைதானத்தில் திரண்டிருந்தனர். அப்போது அவருக்கு வயது 25.

பிறகு அவர் வாழ்க்கையில் புகழும் துயரமும் கலந்தே வந்தன. 1932-ல் அவருடைய குழந்தை கடத்திக் கொல்லப்பட்டது. 1938-ல் ஹிட்லர் அரசின் பதக்கத்தை ஏற்றதும், 1941-ல் யூதர்களைக் குறைகூறிப் பேசியதும் அவர் பெயரில் விழுந்த கறைகள். வானத்தில் தெளிவாக இருந்தவர், தரையில் தடுமாறினார் என்றே நினைக்கிறேன்.

காற்றைப் பற்றிய ஆர்வம் மட்டும் குறையவில்லை. மிக உயரத்தில் ஆக்சிஜன் குறைந்தால் விமானிக்கு என்ன ஆகும் என்று கண்டறிய, 1942-ல் மேயோ மருத்துவ மையத்தின் காற்றழுத்தம் குறைத்த அறைக்குள் தாமே அமர்ந்து சோதனைக்கு உட்பட்டார்.

1974 ஆகஸ்ட் 26 அன்று ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியில் காலமானார். அவருடைய விமானம் வாஷிங்டனில் உள்ள தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.