ஈற்றொலி கண்ட இலக்கண மேதை ஸீபவைஹி

சொல்லின் ஈறு மாறினால் பொருளும் மாறும் என்பதைத் தமிழ் கற்கும் நாம் நன்கறிவோம். அரபு மொழியில் இது மேலும் நுட்பமானது. அங்கே ஓர் ஈற்றுயிரே எழுவாயையும் செயப்படுபொருளையும் பிரித்துக் காட்டும். அந்நுட்பத்தை ஆராய்ந்து அம்மொழிக்கு நிலைத்த இலக்கணம் வகுத்த ஸீபவைஹி பாரசீகக் குடியில் பிறந்தவர் என்பது வியந்து போற்றத்தக்கது.

அம்ர் இப்னு உஸ்மான் என்பது இவரது இயற்பெயர். கி.பி. 8ஆம் நூற்றாண்டில், ஷீராஸ் நகரையடுத்த பைளாவில் பிறந்தார் என்பர். நபிமொழிக் கல்வியை நாடி பஸராவுக்கு வந்த இவர், ஹம்மாத் இப்னு ஸலமா அவர்களிடம் பாடம் கேட்டார். ஒருநாள் நபித்தோழர் அபுத்தர்தா (ரலி) அவர்களின் பெயரை, 'அபா' என வரவேண்டிய இடத்தில் 'அபூ' எனப் படித்துவிட்டார். ஆசிரியர் திருத்தினார். இனித் தம் மொழியில் எவரும் பிழை காணாவண்ணம் இலக்கணம் பயில்வதென அன்றே உறுதி பூண்டார் என வரலாறு கூறும்.

தந்தை எனப் பொருள்படும் அச்சொல், எழுவாயாயின் 'அபூ', செயப்படுபொருளாயின் 'அபா', உடைமைப் பொருளில் 'அபீ' என வரும். 'முஸ்லிமூன' என்பதன் ஈற்றிலுள்ள 'ஊன' என்னும் ஒன்றே ஆண்பால், பன்மை, எழுவாய்த்தன்மை ஆகிய மூன்றையும் ஒருங்கே உணர்த்தும். செயப்படுபொருளாயின் அது 'முஸ்லிமீன' ஆகிவிடும். நம் தமிழிலோ 'மரங்களை' என்பதில் 'கள்' பன்மையையும் 'ஐ' வேற்றுமையையும் தனித்தனியே காட்டுகின்றன. முன்னதை உட்பிணைப்பு நிலை என்றும் பின்னதை ஒட்டுநிலை என்றும் மொழியியலார் வழங்குவர்.

யாப்பிலக்கணத்தின் தந்தையெனப் போற்றப்படும் கலீல் இப்னு அஹ்மது அவர்களிடம் ஸீபவைஹி இலக்கணம் கற்றார். ஈறு ஏன் மாறுகிறது என்னும் வினாவுக்கு, ஒரு சொல் மற்றொரு சொல்லின் மீது செலுத்தும் ஆட்சியே காரணம் என விளக்கினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட கவிதையடிகளைச் சான்று காட்டிப் பெருநூல் எழுதினார். அதற்கு அவர் பெயரிடவில்லை. 'அல்கிதாப்', அதாவது 'நூல்' என்றே உலகம் அதனை வழங்கலாயிற்று.

புகழ் வளர்ந்த வேளையில் பக்தாதில் அமைச்சர் யஹ்யா பர்மகீ முன்னிலையில் இவருக்கும் கூஃபா இலக்கண அறிஞர் கிஸாயீ அவர்களுக்கும் சொற்போர் நிகழ்ந்தது. குளவியின் கொட்டையும் தேளின் கொட்டையும் ஒப்பிடும் வாக்கியம் ஒன்றின் இறுதிச் சொல், எழுவாய் வடிவில் மட்டுமே வருமா, செயப்படுபொருள் வடிவிலும் வருமா என்பதே வினா. எழுவாய் வடிவமே சரியென ஸீபவைஹி உரைத்தார். நடுவராய் அழைக்கப்பெற்ற பாலைவன அரபியரோ கிஸாயீயின் பக்கம் நின்றனர். அவர்கள் கையூட்டுப் பெற்றனர் என்று சொல்வாரும் உளர்.

மனம் நொந்து பாரசீகம் திரும்பிய ஸீபவைஹி, கி.பி. 796 அளவில் இளமையிலேயே மறைந்தார். அவர்தம் மாணவர் அக்ஃபஷ் அந்நூலைப் பிறருக்குக் கற்பித்துக் காத்தார். பின்வந்த அரபு இலக்கண நூல்களுக்கெல்லாம் அதுவே அடித்தளமாயிற்று.

ஓர் ஈற்றெழுத்தில் நேர்ந்த பிழைக்கு நாணி இலக்கணம் கற்கப் புகுந்தவர், ஒரு மொழிக்கே ஆசானானார். பிறமொழியில் பிறந்தவரும் முயன்றால் ஒரு மொழியின் உயிர்நிலையை உணரலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. தாய்மொழியிலேயே பயிலும் நாம், நம் சொற்களின் ஈறுகளை இன்னும் எத்துணைக் கருத்துடன் போற்ற வேண்டும் என்பதை மாணவ மணிகள் எண்ணிப் பார்ப்பார்களாக.