கணக்குக்கு ஓர் ஆமை

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

கணக்கு என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். மேத்ஸ் அரியர் இல்லாத பெஞ்சு நம் பாலிடெக்னிக்கில் உண்டா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். கணக்கு வருகிறவன் கெட்டிக்காரன், வராதவன் மக்கு என்று ஒன்றாம் வகுப்பிலேயே நம்மைப் பிரித்துவிடுகிறார்கள். அந்தப் பிரிவினையே தவறு என்று வாழ்நாள் முழுக்க வாதாடிய ஒரு கணித அறிஞரைப் பற்றித்தான் இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன். அவர் பெயர் சீமோர் பேப்பர்ட்.

1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் பிறந்தவர். நாலு வருடத்துக்கு ஒரு முறைதான் பிறந்தநாள்! தந்தை பூச்சிகளை ஆராய்ந்தவர். மகனுக்கோ மோட்டார் வண்டி மேல் பைத்தியம். இரண்டு வயது நிறைவதற்குள் வண்டியின் பாகங்கள் பலவற்றின் பெயர்கள் அத்துப்படி. கொஞ்சம் வளர்ந்ததும் பல்சக்கரங்களை ஒன்றோடு ஒன்று கோத்துச் சுற்றுவதே விளையாட்டாகிவிட்டது. பள்ளியில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தபோது, அதையும் மனதுக்குள் பல்சக்கரங்களாகவே சுற்றிப் பார்த்தார். பிறகு இரண்டு மாறிகள் கொண்ட சமன்பாடு வந்தபோது அவருக்குக் கைகொடுத்தது டிஃபரன்ஷியல்.

நம்ம மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது சட்டென்று புரியும். இடது சக்கரத்தின் வேகம் எக்ஸ், வலது சக்கரத்தின் வேகம் ஒய் என்று வையுங்கள். இரண்டையும் கூட்டினால் எப்போதும் கிரவுன் வீல் வேகத்தைப் போல இரண்டு மடங்கு. ஒன்று குறைந்தால் மற்றது கூடும். அவ்வளவுதான் சமன்பாடு! என் அப்பா லாரிப் பட்டறையில் வேலை செய்பவர். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி கியர் போட்டால், தரையில் நிற்கிற சக்கரத்தின் சுற்றையும் சேர்த்து அந்தச் சக்கரமே சுற்றும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இதுவும் கணக்குதான் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். பேப்பர்ட்டின் கதை என்னை இழுத்ததற்குக் காரணம் இதுவே.

இளம் வயதிலேயே நிறவெறிக் கொள்கையை எதிர்த்தவர் அவர். ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் 1952-லும், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1959-லும், ஆக இரண்டு முறை கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அதன் பின் 1963 வரை ஜெனீவாவில் ழான் பியாஜேயுடன் வேலை. குழந்தையின் மனம் வெறும் காலிப் பானை அல்ல, அது தானே தன் அறிவைக் கட்டிக்கொள்கிறது என்று காட்டியவர் பியாஜே. அங்கே பேப்பர்ட் மனதில் ஒரு கேள்வி விழுந்தது. வீடு கட்டச் செங்கல் வேண்டும், அறிவைக் கட்ட? எனக்குப் பல்சக்கரம் கிடைத்தது, மற்ற குழந்தைகளுக்கு?

விடை அமெரிக்காவில் கிடைத்தது. எம்.ஐ.டி.யில் சேர்ந்த அவர், மார்வின் மின்ஸ்கியோடு சேர்ந்து செயற்கை அறிவு ஆய்வகத்தை நடத்தினார். எல்லாப் பிள்ளைகளும் பல்சக்கரத்தை விரும்ப மாட்டார்கள். ஆனால் கம்ப்யூட்டர் எந்த உருவமும் எடுக்குமே! 1967-ல் வாலி ஃபோர்ஸிக், சிந்தியா சாலமன், டேனியல் பாப்ரோ ஆகியோருடன் சேர்ந்து குழந்தைகளுக்கென்றே ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார். அதுதான் லோகோ. அன்றைய கம்ப்யூட்டர் பீரோ பீரோவாக நிற்கும், விலையோ லட்சக்கணக்கான டாலர். அதைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுப்பதா என்று கேட்காதவர் குறைவு. ஆனாலும் 1968-69 கல்வியாண்டில் லெக்ஸிங்டன் ஊரில் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு, வழக்கமான கணக்கு வகுப்புக்குப் பதிலாக லோகோ சொல்லித்தரப்பட்டது.

அடுத்து வந்தது ஆமை! தரையில் ஊரும் ஒரு சின்ன ரோபோ, வயிற்றில் ஒரு பேனா. பிறகு அதே ஆமை திரையிலும் வந்தது. ஃபார்வர்டு 100 என்றால் நூறு அடி முன்னே போகும் (ஆமையடிதான்!). ரைட் 90 என்றால் நின்ற இடத்திலேயே வலது பக்கம் திரும்பும். இந்த இரண்டையும் நாலு முறை செய்தால் சதுரம்.

முக்கோணம் போடச் சொன்னால்தான் வேடிக்கை. மூலைக்கு 60 பாகைதானே என்று ரைட் 60 கொடுத்தால் முக்கோணம் வராது, அறுகோணத்தில் பாதி வந்து நிற்கும். வாத்தியார் சிவப்பு மையில் தப்பு போட வேண்டியதில்லை, படமே சொல்லிவிடுகிறது. பிள்ளை எழுந்து, தானே ஆமையாகி நடந்து பார்க்கிறது. மூலையில் உடம்பு எவ்வளவு திரும்புகிறது? அட, 60 இல்லை, 120! அப்படியே இன்னொன்றும் பிடிபடுகிறது. எந்த உருவமானாலும் ஒரு சுற்று சுற்றிக் கிளம்பிய இடத்துக்கு, கிளம்பிய திசையிலேயே வந்து நின்றால் மொத்தத் திருப்பம் 360. ஐந்து மூலைக்கு 72, எட்டு மூலைக்கு 45. ஓர் அடி நட, ஒரு பாகை திரும்பு என்று 360 முறை சொன்னால் வட்டம். ஒரு பிள்ளையும் மனப்பாடம் செய்யவில்லை!

எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கு? 1970-களில் எம்.ஐ.டி.யில் ராடியா பெர்ல்மன் என்ற மாணவி, நாலு வயதுகூட ஆகாத குழந்தைகளுக்காகப் பொத்தான் பெட்டி ஒன்றைச் செய்தார். எண் பொத்தானை அமுக்கி, பிறகு முன்னே போ என்ற பொத்தானை அமுக்கினால் ஆமை அத்தனை முறை நகரும். ஐந்து என்பது வெறும் எழுத்தல்ல, ஐந்து தடவை என்று குழந்தை கண்ணால் காணும். நம்ம கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் நெட்வொர்க்ஸ் பாடத்தில் படிக்கும் ஸ்பேனிங் ட்ரீ முறையைப் பின்னாளில் தந்தவரும் இதே பெர்ல்மன்தான்.

பேப்பர்ட்டின் பெரிய கொடை எது என்று என்னைக் கேட்டால், லோகோவைவிட, தவறைப் பற்றி அவர் சொன்னதுதான் என்பேன். புரோகிராம் எழுதுகிற யாருக்கும் முதல் முறையே சரியாக வராது. அதற்காக அவனை யாரும் மக்கு என்பதில்லை. பிழை எங்கே என்று தேடித் திருத்துகிறார்கள். பள்ளிக் கணக்கிலும் அப்படியே இருக்கட்டும் என்றார். பிழை என்பது பிள்ளையின் மேல் எழுதும் தீர்ப்பல்ல, அடுத்து செய்ய வேண்டிய வேலை, அவ்வளவே.

இதையெல்லாம் 1980-ல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற நூலில் எழுதினார். லோகோ உலகமெங்கும் பள்ளிகளுக்குப் போனது. எதிர்ப்பும் வந்தது. லோகோ படித்த பிள்ளைகளுக்குத் திட்டமிடும் திறன் தானாகக் கூடிவிடவில்லை என்று 1980-களின் நடுவில் சில ஆய்வுகள் கூறின. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் போதாது, வகுப்பறையின் போக்கே மாற வேண்டும் என்பது பேப்பர்ட்டின் பதில். பல பள்ளிகள் லோகோவையும் இன்னொரு மனப்பாடப் பாடமாக ஆக்கிவிட்டதும் உண்மைதான்.

லெகோ பொம்மைக் கம்பெனி 1998-ல் வெளியிட்ட ரோபோ பெட்டிக்கு அவர் நூலின் பெயரே வைக்கப்பட்டது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2002-ல் அரசுப் பள்ளி ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் மடிக்கணினி கிடைத்ததிலும் அவர் பங்குண்டு. 2006 டிசம்பரில் கணிதக் கல்வி மாநாட்டுக்காக ஹனோய் போனபோது, சாலையைக் கடக்கையில் மோட்டார் சைக்கிள் மோதித் தலையில் பலத்த அடி. பேசவும் மறுபடி கற்க வேண்டியதாயிற்று. கற்றலையே ஆராய்ந்தவருக்கு இப்படி ஒரு சோதனை! பத்தாண்டுகள் போராடி, 2016 ஜூலை 31-ல் மெய்னில் மறைந்தார். வயது 88. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. ஏழு கடல் தாண்டி அப்படி ஒருவர் நமக்காக வாழ்ந்தார் என்று எனக்கென்ன தெரியும்?

ஆனால் அவருடைய ஆமை சாகவில்லை. பைத்தானில் டர்ட்டில் என்று கொடுத்துப் பாருங்கள், வந்து நிற்கும். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பார்த்த ஸ்க்ராட்ச், அவருடைய மாணவர் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு 2007-ல் வெளியிட்டது.

நண்பர்களே, கையில் பல்சக்கரமும் வயரும் மரையாணியும் பிடிக்கிற நமக்குக் கணக்கு அந்நியம் இல்லை. நாம் தொட்டுப் பார்ப்பதெல்லாம் கணக்குதான். நம் வீட்டில், நம் தெருவில் கணக்கென்றால் அழுகிற தம்பி தங்கை இருப்பார்கள். சொல்லித்தர ஆளில்லாத வீடுகளில் இனி நாம்தான் அந்த ஆள். கம்ப்யூட்டர் இல்லையென்றால் பரவாயில்லை, சாக்பீஸ் போதும். நடுவாசலில் நிறுத்தி, நீதான் ஆமை, ஒரு முக்கோணம் நடந்து காட்டு என்று சொல்லுங்கள். பிசகினால் திட்டாதீர்கள். இன்னொரு முறை நடக்கட்டும்!