நாமகிரித் தாயார் அருள்பெற்ற கணித மேதை இராமானுஜன்

நாமக்கல் மலையின் அடிவாரத்தில், பாறையைக் குடைந்து அமைத்த சன்னிதியில் நரசிம்மப் பெருமாள் எழுந்தருளியுள்ளார். அங்கே தனிச் சன்னிதி கொண்டு விளங்குபவர் நாமகிரித் தாயார். கோமளத்தம்மாள் என்னும் மாதரசிக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகள் மகப்பேறு வாய்க்கவில்லை. அவருடைய பெற்றோர் இத்தாயாரை மனமுருகி வேண்டிக்கொண்டனர். அதன் பயனாக 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் ஓர் ஆண்மகவு பிறந்தது. அம்மகவே பின்னாளில் உலகம் போற்றிய கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் குமாஸ்தாவாகப் பணியாற்றினார். வருவாய் குறைவு. அன்னையார் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடிச் சிறிது பொருள் ஈட்டினார். கல்லூரி மாணவர்களுக்கு வீட்டில் இடமளித்தும் குடும்பத்தைத் தாங்கினார். அவ்வீடு சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்தது. தெருவின் முனையில் சாரங்கபாணிப் பெருமாள் கோயிலின் இராஜகோபுரம் வானளாவி நிற்கும். கோபுர நிழலில் வளர்ந்த பிள்ளை என்று சொன்னால் அது உவமையன்று, உள்ளபடியே உண்மையாகும். 1897இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்தில் முதல்வராகத் தேறிய இராமானுஜன், மறு ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

நான்காம் படிவத்தில் பயிலும்போது, பக்கத்து வீட்டில் இருந்த பி.ஏ. மாணவர் ஒருவரிடமிருந்து லோனி என்பார் எழுதிய முக்கோணவியல் நூலை இரவலாகப் பெற்றார். யாருடைய உதவியுமின்றி அந்நூலின் கணக்குகளையெல்லாம் அவர் செய்து முடித்தது கண்டு அந்தப் பி.ஏ. மாணவரே வியப்படைந்தார். தமக்கு விளங்காத கணக்குகளுக்கு அச்சிறுவரையே அணுகலானார்.

அந்நூலின் அடிப்படை, சைன், கோசைன் என்னும் இரண்டு அளவுகள். பள்ளியில் இவற்றை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டோர் நம்மிடையே மிகப் பலர். உண்மையில் இவை கடினமானவை அல்ல. இருபது அடி நீளமுள்ள ஏணி ஒன்றைத் தரையோடு 30 பாகைக் கோணம் அமையுமாறு சுவரில் சாய்த்தால், ஏணியும் சுவரும் தரையும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணமாகின்றன. ஏணியே கர்ணம். அதன் நுனி சுவரில் பத்து அடி உயரத்தைத் தொடும். உயரத்தை ஏணியின் நீளத்தால் வகுத்தால் வருவது சைன். இங்கு அது அரை. சுவரிலிருந்து ஏணியின் அடி விலகியிருக்கும் தூரம் ஏறத்தாழ 17.3 அடி. அதை ஏணியின் நீளத்தால் வகுத்தால் வருவது கோசைன். இங்கு அது 0.866. ஏணி நாற்பது அடியாயினும், நாலே அடியாயினும், கோணம் மாறாதவரை இவ்விரு எண்களும் மாறுவதில்லை. ஏணி எவ்வளவு பெரிது என்பதை அவை சொல்லமாட்டா. எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். இந்த ஒரு கருத்து மனத்தில் பதியாமல் வாய்பாட்டை மட்டும் ஒப்புவிப்பதால்தான் மாணவர்க்கு முக்கோணவியல் கசக்கிறது.

சைன் என்னும் சொல்லின் பிறப்பும் சுவையானது. 499ஆம் ஆண்டில் ஆரியபடர் வில்லின் நாணைக் குறிக்கும் 'ஜ்யா' என்னும் வடசொல்லால் இவ்வளவைக் குறித்தார். வட்டத்தின் ஒரு பகுதியை வில்லாகக் கொண்டால், அதன் இரு முனைகளையும் இணைக்கும் கோடு நாண். அதில் பாதியே இந்த அளவு. தமிழ்க் கணித நூல்களிலும் அக்கோட்டுக்கு நாண் என்றே பெயர். அரபு அறிஞர் அவ்வடசொல்லை ஒலிபெயர்த்து எழுத, பின்வந்தோர் அதனை மடிப்பு என்று பொருள்படும் வேறோர் அரபுச் சொல்லாகப் படித்தனர். அப்பொருளிலேயே இலத்தீனில் அது 'சைனஸ்' ஆயிற்று. ஆக, மேல்நாட்டிலிருந்து வந்ததாக நம் பிள்ளைகள் எண்ணும் சொல், இங்கிருந்து சென்று உருமாறித் திரும்பி வந்ததே.

செங்கோண முக்கோணத்துக்குள் நிற்கும்வரை கோணம் 90 பாகையைத் தாண்ட இயலாது. இராமானுஜனின் அறிவு அந்த மூன்று கோடுகளுக்குள் அடங்கி இருக்கவில்லை. முக்கோணத்தை விட்டு விலகி, சைனையும் கோசைனையும் முடிவில்லாத் தொடர்களாக அவர் காணத் தலைப்பட்டார். கோணத்தைப் பாகையால் அளவாமல், வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்து அளந்தால் 30 பாகை என்பது 0.5236 ஆகும். அதன் முப்படியை ஆறால் வகுத்துக் கழித்து, ஐம்படியை 120ஆல் வகுத்துக் கூட்டினால் 0.500002 கிடைக்கும். இப்படியே மாறி மாறிக் கழித்தும் கூட்டியும் செல்லச் செல்ல விடை சரியாக அரையை நெருங்கும். ஏணியும் வேண்டா, சுவரும் வேண்டா; எண்களிலிருந்தே சைன் பிறக்கிறது. கேரள நாட்டில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாதவர் இத்தொடரைக் கண்டவர். ஆயினும் கும்பகோணத்துப் பள்ளிப் பாடத்தில் அதற்கு இடமிருக்கவில்லை.

ஐந்தாம் படிவம் பயில்கையில், சைன், கோசைன் ஆகியவற்றை அடுக்குச் சார்போடு பிணைக்கும் அரிய உண்மைகளை இராமானுஜன் தாமாகவே கண்டார். யாரும் காணாததைக் கண்டோம் என்று அவர் உள்ளம் பூரித்திருக்க வேண்டும். ஆனால் அவற்றை ஆய்லர் என்னும் ஐரோப்பியக் கணித அறிஞர் 1748இலேயே வெளியிட்டிருந்தார். அதனை அறிந்ததும் அவர் அடைந்த ஏமாற்றம் சிறிதன்று. தாம் எழுதிய தாள்களை எவர் கண்ணிலும் படாதவாறு வீட்டுக் கூரையில் செருகி ஒளித்துவிட்டார். வழிகாட்ட ஆளில்லாமல் தனியே உழைக்கும் பிள்ளைக்கு நேரக்கூடிய துன்பம் இது. அந்த வயதில் ஆசிரியர் உதவியின்றி ஆய்லருக்கு நிகராக ஒருவர் சிந்தித்தாரென்றால் அது எத்தகைய சாதனை என்று எடுத்துச் சொல்லக்கூடியவர் அப்போது அருகில் ஒருவரும் இல்லை.

பின்பு கார் என்பாரின் கணிதத் தொகுப்பு நூல் கைக்கு வந்தது. அதில் தேற்றங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. விளக்கமோ மிகக் குறைவு. அவற்றைத் தாமே நிறுவி, மேலும் புதியன கண்டு குறிப்பேடுகளை நிரப்பினார். கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909இல் ஜானகி அம்மாளை மணந்தபின் வேலை தேடி அலைந்து, 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் குமாஸ்தாவானார். தாள் வாங்கப் பொருளின்றிச் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதுவது அவர் வழக்கம். நாமகிரித் தாயார் கனவில் தோன்றிச் சூத்திரங்களை அருளினார் என்பது அவரது உறுதியான நம்பிக்கை. அதே வேளையில் பகலெல்லாம் அந்தச் சிலேட்டும் ஓய்ந்ததில்லை.

1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு ஏறத்தாழ 120 தேற்றங்களுடன் மடல் விடுத்தார். ஹார்டி அவரை அழைத்தார். ஆனால் கடல் கடத்தல் அக்காலத்து வைணவ அந்தணர் குடும்பத்தில் சாதியிழப்புக்குரிய செயலாகும். அன்னையார் இசையவில்லை, இராமானுஜனும் முதலில் மறுத்தார். பின்னர்த் துறைமுக அலுவலக மேலாளர் நாராயண ஐயருடன் நாமக்கல் சென்று தாயார் சன்னிதியில் மூன்று இரவுகள் தங்கினார் என்றும், அங்கே அவருக்கு உத்தரவு கிடைத்தது என்றும் கூறுவர். அன்னையாரின் கனவில் தாயார் தோன்றி மகனைத் தடுக்க வேண்டாமெனப் பணித்ததாகவும் வரலாறு உண்டு. எவ்வாறாயினும் தடை நீங்கியது. குடுமியைக் களைந்து, 1914 மார்ச் 17ஆம் நாள் அவர் கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜில் தம் கையாலேயே மரக்கறி உணவு சமைத்து உண்டார். எஃப்.ஏ. தேறாத அவருக்கு 1916இல் ஆராய்ச்சியின் அடிப்படையில் பி.ஏ. பட்டம் கிடைத்தது. 1918இல் இராயல் சங்கத்தின் உறுப்பினராகவும் டிரினிட்டி கல்லூரியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1729 என்னும் எண்ணைப் பற்றிய நிகழ்ச்சியை மெய்யன்பர்கள் அறிவர்; ஆதலின் அது இங்கு விரிக்கப்படவில்லை. அதே 1918இல் அவர் வெளியிட்ட வேறொரு கட்டுரையே இங்கு நினைக்கத்தக்கது. இளமையில் கற்ற கோசைன் அதில் மீண்டும் வருகிறது.

ஒரு வட்டத்தை ஐந்து சம கூறுகளாக்கினால் 72, 144, 216, 288 பாகைகளில் நான்கு கோணங்கள் அமையும். இவற்றுள் மூன்று செங்கோண முக்கோணத்தில் அடங்காதவை. வட்டத்தின் மையத்திலிருந்து வலப்புறம் விலகும் தூரத்தைக் கூட்டலாகவும் இடப்புறம் விலகுவதைக் கழித்தலாகவும் கொண்டால் அவற்றுக்கும் கோசைன் உண்டு. தனித்தனியே பார்த்தால் 0.309, கழித்தல் 0.809 என்றெல்லாம் முடிவின்றி நீளும் பின்னங்கள். நான்கையும் கூட்டினாலோ, பிசிறின்றிக் கழித்தல் ஒன்று வந்து நிற்கும். ஐந்துக்கு மட்டுமன்று, எத்தனை கூறுகளாக்கினாலும், அவ்வெண்ணோடு பொதுக் காரணி இல்லாத கூறுகளை மட்டும் எடுத்துக் கூட்டினால் முழு எண்ணே கிட்டும். இத்தகைய கூட்டுத்தொகைகளைக் கொண்டு எண்களின் இயல்புகளை அவர் ஆராய்ந்தார். இவை இன்று இராமானுஜன் கூட்டுத்தொகைகள் என்று அவர் பெயராலேயே வழங்குகின்றன. இம்முறை அத்தாள்களைக் கூரையில் ஒளிக்க நேரவில்லை.

போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் குளிரும் அவர் உடலை வாட்டின. 1917 முதல் மருத்துவ நிலையங்களிலேயே பெரும்பொழுது கழிந்தது. 1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். படுத்த படுக்கையிலும் சிலேட்டைக் கேட்டு வாங்கி எழுதினார். ஜானகி அம்மாள் உடனிருந்து தாள்களைப் பேணினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில் இறைவனடி சேர்ந்தபோது அவருக்கு வயது 32.

இறுதி ஓராண்டில் எழுதிய அத்தாள்கள் கடல் கடந்து சென்று, பின்னர் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் அவற்றைக் கண்டெடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களில் அறுநூறு அளவிலான சூத்திரங்கள் இருந்தன; விளக்கம் பெரும்பாலும் இல்லை. அவற்றை ஒவ்வொன்றாக நிறுவி முடிக்க அறிஞர்களுக்குப் பல்லாண்டுகள் தேவைப்பட்டன. அக்கண்டுபிடிப்பைக் கேட்டறியும் பேறு ஜானகி அம்மாளுக்கு வாய்த்தது. அவர் சென்னையில் 1994வரை வாழ்ந்தார்.