சாப்பாட்டு மேஜையில் ரயில் விட்ட ராஜா



தீப்பெட்டியில் ரயில் செய்து விளையாடாதவங்க நம்ம பள்ளியில் யாராவது இருக்கீங்களா? காலி தீப்பெட்டிகளை நூலில் கோத்து, சோடா மூடியைச் சக்கரமா வெச்சு, தெருவில் இழுத்துக்கிட்டே கூ... சிக்குபுக்குன்னு ஓடியிருப்போம். நம்ம நெட்டப்பாக்கத்துக்கு ரயில் கிடையாது. நிஜ ரயிலைப் பார்க்கணும்னா வில்லியனூருக்குப் போகணும். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-லேயே ரயில் வந்துவிட்டது. அது வில்லியனூர் வழியாத்தான் போகிறது.

நம்மளை மாதிரியே ரயில் பைத்தியம் பிடித்த ஒருத்தர் இருந்தார். அவர் ஒரு ராஜா. நாம தீப்பெட்டியில் செய்ததை அவர் வெள்ளியில் செய்ய வைத்தார். அதோடு நிற்காமல், விளையாட்டு ரயிலை நிஜ ரயிலாகவும் ஆக்கிவிட்டார். அவர்தான் குவாலியர் மகாராஜா மாதவராவ் சிந்தியா. இந்த மாதச் சுவர் இதழில் அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

குவாலியர் இப்போது மத்தியப் பிரதேச மாநிலத்தில் இருக்கிறது. பெரிய மலைக்கோட்டை உள்ள ஊர். இசை மேதை தான்சேனின் சமாதியும் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊரை ஆண்ட சிந்தியாக்கள் மராட்டிய வம்சத்தைச் சேர்ந்தவர்கள்.

மாதவராவ் 1876-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி பிறந்தார். அப்பா மகாராஜா ஜெயாஜிராவ். அவர்தான் 1874-ல் ஜெய்விலாஸ் என்ற மாபெரும் அரண்மனையைக் கட்டினவர். அதன் தர்பார் மண்டபத்தில் இரண்டு சரவிளக்குகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் சுமார் மூன்றரை டன் எடை. அந்த எடையைக் கூரை தாங்குமான்னு பார்க்க, யானைகளைக் கூரை மேலே ஏற்றிச் சோதித்தார்களாம். நினைச்சுப் பார்த்தாலே சிரிப்பா வருது இல்ல?

1886-ல் அப்பா இறந்துவிட்டார். அப்போது மாதவராவுக்கு ஒன்பது வயசுதான். நம்ம பள்ளியில் நாலாம் வகுப்பு படிக்கிற பிள்ளைங்களோட வயசு. அந்த வயசில் தலையில் கிரீடம் வந்துவிட்டது. பெரியவர்கள் அடங்கிய ஒரு சபை அவருக்குப் பதிலாக ஆட்சியைப் பார்த்துக்கொண்டது. 1894-ல்தான் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது.

குறும்புக்கார ராஜா

மாதவராவுக்கு இயந்திரம்னா உயிர். ராஜான்னா சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார், பன்னீர் தெளிப்பாங்கன்னு நாம நினைப்போம். இவர் ரயில் என்ஜினில் ஏறித் தானே ஓட்டுவார். கரியும் எண்ணெயும் பட்டால் அழுக்காகுமேன்னு நினைக்கிறவர் இல்லை. ஏப்ரல் முதல் தேதி வந்தால் போதும், அரண்மனையில் யாரையாவது ஏமாற்றாமல் விடமாட்டார். விளையாட்டுக் குணம் கடைசி வரைக்கும் அவரை விட்டுப் போகவில்லை.

வெள்ளி ரயில்

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஜெய்விலாஸ் அரண்மனையின் விருந்து மண்டபத்தில் நீளமான மேஜை ஒன்று உண்டு. அந்த மேஜை மேலேயே தண்டவாளம் போட்டிருக்கும். அதில் ஓடுவது வெள்ளியால் செய்த குட்டி ரயில். முன்னால் ஒரு என்ஜின். பின்னால் ஏழு பெட்டிகள். ஏழு எதுக்குன்னா, சிந்தியா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் எஸ், சி, ஐ, என், டி, ஐ, ஏ என்று ஏழு எழுத்து வரும். பெட்டிக்கு ஒரு எழுத்து.

விருந்து முடிந்ததும் இந்த ரயில் கிளம்பும். பெட்டிகளில் கண்ணாடிக் குடுவைகளில் மதுவும், கூடவே சுருட்டும் இருக்கும். (இந்த இரண்டும் உடம்புக்குக் கேடு. நமக்கு ரயில் மட்டும் போதும்!) விருந்தாளிகள் முன்னால் ரயில் மெதுவாக ஊர்ந்து வரும். யாராவது குடுவையைத் தூக்கினால் ரயில் அப்படியே நின்றுவிடும். திரும்ப வைத்தால் ஓட ஆரம்பிக்கும்.

இது எப்படி? அறிவியல் பாடத்தில் மின்சுற்று படித்திருக்கிறோம். சுற்று மூடியிருந்தால் மின்சாரம் பாயும், திறந்தால் நின்றுவிடும். இந்த ரயில் மின்சாரத்தில் ஓடுவது. குடுவை தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும் வரைக்கும் அது சுவிட்ச் போட்ட மாதிரி. எடுத்தால் சுவிட்சை அணைத்த மாதிரி. எவ்வளவு சுலபமான யோசனை!

ஒரு பெரிய விருந்தில் ரயிலுக்குக் கோளாறு வந்து, நிற்காமல் தறிகெட்டு ஓடி, வெள்ளைக்காரப் பெரிய மனிதர்களின் பளபளக்கும் உடுப்பில் எல்லாம் குழம்பைத் தெளித்துவிட்டது என்றும் ஒரு கதை சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் உலகம் முழுக்க பொம்மை ரயில் ஆசை பரவியிருந்தது. ஜெர்மனியில் மார்க்லின் கம்பெனி 1891-ல் அளவுகளை ஒழுங்குபடுத்திப் பொம்மை ரயில்களை விற்க ஆரம்பித்தது. ஒருத்தர் பெட்டியை இன்னொருத்தர் தண்டவாளத்திலும் ஓட்டலாம் என்பதால் சேகரிக்கிற பழக்கம் வளர்ந்தது. இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி என்பவர் 1920-ல் ஹார்ன்பி ரயில்களைக் கொண்டுவந்தார். நம்ம நாட்டில் புனே நகரத்தில் 1998 முதல் ஜோஷி குட்டி ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. இப்படிப் பலர் பொம்மை ரயிலைச் சேர்த்தார்கள். ஆனா மாதவராவ் பொம்மையோடு நிற்கவில்லை.

பொம்மையிலிருந்து நிஜத்துக்கு

அரண்மனைப் பக்கத்தில் முதலில் ஒரு சின்ன ரயில் பாதை போட்டார். அது ராஜா சவாரி போவதற்கு. அதில் ஓட்டி ஓட்டி ஆசை பெருகியது. இதே சின்ன ரயில் மக்களுக்கும் ஏன் ஓடக்கூடாது? இப்படித்தான் குவாலியர் லைட் ரயில்வே பிறந்தது.

இந்தப் பாதையின் அகலம் வெறும் 2 அடி, அதாவது 610 மில்லிமீட்டர். புரியலைன்னா, நம்ம ஜியாமெட்ரி வகுப்பில் வைத்திருக்கிற 30 சென்டிமீட்டர் ஸ்கேல் இரண்டை ஒட்டி வைத்துப் பாருங்க. அவ்வளவுதான் ஒரு தண்டவாளத்துக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளி! வில்லியனூரில் நாம பார்க்கிற அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். அதுக்கு ஐந்தரை ஸ்கேலுக்கும் மேலே வேணும். ஊட்டி மலை ரயில்கூட 1 மீட்டர் அகலம். குவாலியர் ரயில் அதைவிடவும் குட்டி. டார்ஜிலிங் மலை ரயிலும் இதே 2 அடிதான்.

ஏன் இவ்வளவு குறுகலாப் போட்டாங்க? செலவு குறைவு. சின்னப் பாதைக்கு லேசான தண்டவாளம் போதும், சின்னப் பாலம் போதும், மேடு பள்ளத்தில் வளைந்து வளைந்து போகலாம். சம்பல் ஆற்றுப் பக்கம் நிலமெல்லாம் மழையில் அரித்து, பெரிய பெரிய பள்ளத்தாக்குகளாகக் கிடக்கும். அந்த மண்ணுக்கு இந்தக் குட்டி ரயில்தான் தோதாக இருந்தது.

1899-ல் குவாலியரிலிருந்து பிண்ட், சிவபுரி ஊர்களுக்கு ரயில் ஓடியது. மூன்றாவது பாதை ஜோரா, சபல்கர் வழியாகப் போய் 1909-ல் சியோப்பூரை எட்டியது. இது மட்டும் சுமார் 200 கிலோமீட்டர் நீளம். உலகத்திலேயே மிக நீளமான 2 அடிப் பாதைகளில் இது ஒன்று.

1899, 1900-ஆம் வருஷங்களை வரலாறு மறக்காது. மழை பொய்த்து, ராஜபுத்தானத்திலும் குஜராத்திலும் மத்திய இந்தியாவிலும் கொடிய பஞ்சம் வந்தது. ஒரு ஊரில் தானியம் இருந்தாலும் அடுத்த ஊருக்குக் கொண்டுபோக வழி இல்லையென்றால் என்ன பிரயோஜனம்? பாதை இல்லாத கிராமத்துக்கு ஒரு குட்டி ரயில் என்பது விளையாட்டுப் பொருள் இல்லை. அது சோறு, மருந்து, சந்தை, பள்ளிக்கூடம் எல்லாம்.

ரயிலைத் தாண்டி

1900-ல் சீனாவில் நடந்த போருக்கு குவாலியர் என்ற பெயரில் ஒரு மருத்துவக் கப்பலைக் கொடுத்துவிட்டு, தானும் போனார். 1914-ல் முதல் உலகப் போர் வந்தபோது, இன்னொரு கப்பலை வாங்கி, லாயல்டி என்று பெயரிட்டு மருத்துவமனையாக மாற்றினார். போர் முடிந்ததும் அதே கப்பலை இந்திய வியாபாரிகள் வாங்கினார்கள். 1919 ஏப்ரல் 5-ல் அது பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. அந்தக் கம்பெனிக்கு சிந்தியா கப்பல் கம்பெனி என்றே பெயர். அந்த நாளைத்தான் தேசிய கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். நம்ம வ.உ.சி. 1906-ல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை வெள்ளைக்காரர்கள் ஒழித்த பிறகு, இந்தியர்களின் கப்பல் கனவு இப்படித் தொடர்ந்தது.

டாடா இரும்புக் கம்பெனி தொடங்கியபோது, நடைமுறைச் செலவுக்குத் தேவைப்பட்ட 4 லட்சம் பவுனை இவர் கொடுத்தார். அந்த ஆலையில்தான் பிற்பாடு ரயில் தண்டவாளங்களும் தயாராயின. குவாலியர் கோட்டையில் இன்று பேர்பெற்று விளங்கும் சிந்தியா பள்ளியும் 1897-ல் இவர் தொடங்கியதே.

எல்லாமே நல்லபடியா நடந்ததுன்னு சொல்ல முடியாது. குவாலியர் பக்கத்தில் திக்ரா என்ற இடத்தில் இவர் காலத்தில் கட்டிய அணை, கட்டி முடித்த அடுத்த வருஷமே, 1917 ஆகஸ்டில் உடைந்துவிட்டது. அஸ்திவாரப் பாறைக்கு அடியில் தண்ணீர் புகுந்ததுதான் காரணம். கீழே இருந்த கிராமங்களில் பல உயிர்கள் போயின. பிறகு அது பலமாகத் திரும்பக் கட்டப்பட்டது.

எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. மேஜையில் ஓடின வெள்ளியும் குடியானவங்க கட்டின வரிதானே? இதை நினைத்தால் மனசு உறுத்துகிறது. ஆனால் பொம்மையோடு நின்ற ராஜாக்கள் எத்தனையோ பேர். இவர் மக்களுக்கும் ஒரு ரயில் விட்டார். இரண்டையும் சேர்த்துத்தான் இவரை எடை போடணும்.

மறைவு

1925 ஜூன் 5-ஆம் தேதி பாரிஸ் நகரத்தில் மாதவராவ் காலமானார். வயது 48. அப்பாவை இழந்தபோது அவருக்கு ஒன்பது வயசுன்னு சொன்னேன் இல்லையா? அவர் இறந்தபோது அவருடைய மகன் ஜிவாஜிராவுக்கு எட்டு வயசு. அப்பாவுக்கு நேர்ந்தது மகனுக்கும் நேர்ந்தது. சிவபுரியில் மாதவராவின் நினைவு மண்டபமும் அவருடைய அம்மாவின் நினைவு மண்டபமும் எதிரெதிரே இருக்கின்றன. அம்மாவும் பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருப்பது போலச் சிலைகளை வைத்திருக்கிறார்கள்.

அந்த ரயில் என்ன ஆச்சு?

வெள்ளி ரயில் பத்திரமாக இருக்கிறது. ஜெய்விலாஸ் அரண்மனையின் ஒரு பகுதி 1964 முதல் அருங்காட்சியகம். அங்கே பார்க்கலாம்.

மக்கள் ரயில் சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்க ரயில்வேயோடு சேர்ந்தது. பிண்டுக்கும் சிவபுரிக்கும் பிற்பாடு அகலப் பாதை வந்தது. சியோப்பூர் பாதை மட்டும் நூறு வருஷத்தைத் தாண்டி ஓடியது. 200 கிலோமீட்டர் போக பத்து மணி நேரத்துக்கும் மேலே ஆகும். உள்ளே இடம் இல்லாமல் கூரை மேலேயும் ஜனங்கள் உட்கார்ந்து போவார்கள். 2020-ல் அதுவும் நின்றுவிட்டது. அந்த வழியை அகலப் பாதையாக மாற்றும் வேலை நடந்து, பெரிய ரயில் வர ஆரம்பித்திருக்கிறது.

வெள்ளி ரயில் கண்ணாடிக்குள்ளே பளபளன்னு இருக்கு. ஜனங்களைச் சுமந்த ரயில் தேய்ந்து தேய்ந்து முடிஞ்சு போச்சு. எனக்கு என்னவோ அந்தத் தேய்ந்த ரயில்தான் மாதவராவ் விட்ட நல்ல ரயில்னு தோணுது.

தோழர்களே, நாமும் தீப்பெட்டி ரயில் செய்வோம், நுங்கு வண்டி உருட்டுவோம். விளையாட்டு தப்பே இல்லை. ஆனா விளையாடும்போதே, இது எப்படி ஓடுது, இதை வெச்சு நம்ம ஊருக்கு என்ன செய்யலாம்னு ஒரு நிமிஷம் யோசிப்போம். நாளைக்கு ரயில் என்ஜினியர் ஆகப்போறது நம்ம வகுப்பிலிருந்தும் இருக்கலாம்!

இப்போ ஸ்கேல் இரண்டையும் எடுத்து ஒட்டி வைத்துப் பார்த்தீங்களா?



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
நெட்டப்பாக்கம்.