பூண்டி ஏரிக்குப் பின்னால் ஒரு மேயர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போறப்போ காரனோடை பாலத்தை கவனிச்சிருக்கீங்களா? கீழே ஓடுறது கொசஸ்தலை ஆறு. கோடையில் வெறும் மணல்தான் தெரியும். மழைக்காலத்தில் பார்த்தா அதே ஆறான்னு சந்தேகம் வரும்.

இந்த ஆறு கேசவரம் அணைக்கட்டில் இரண்டாகப் பிரியுது. ஒரு கிளைதான் நம்ம கூவம்! அது திருவள்ளூர் மாவட்டம் வழியாக சென்னைக்குள் நுழைந்து நேப்பியர் பாலத்தருகே கடலில் சேருது. கொசஸ்தலை வடகிழக்கே போய், நகரி ஆற்றையும் சேர்த்துக்கிட்டு, பூண்டி, தாமரைப்பாக்கம், காரனோடை தாண்டி எண்ணூரில் கடலைத் தொடுது.

இந்த மழைநீரைத் தேக்கி சென்னைக்குக் கொடுக்க பாடுபட்டவர் சத்தியமூர்த்தி. 1887-ல் புதுக்கோட்டைப் பக்கம் திருமயத்தில் பிறந்தார். சட்டம் படித்து வக்கீலானார். காங்கிரஸில் சேர்ந்து, மேடையிலும் சட்டசபையிலும் ஆங்கிலேய ஆட்சியைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். காமராஜரை அரசியலில் வளர்த்தவரும் இவரே. 1936-ல் இவர் மாநில காங்கிரஸ் தலைவர், காமராஜர் செயலாளர். 1940-ல் காமராஜர் தலைவரானார், குரு செயலாளரானார். ஈகோவே பார்க்கலை!

1939-ல் சென்னை மேயரானார். ஊர் வளர்ந்துக்கிட்டே இருந்தது. புழல் ஏரியை மட்டும் நம்பினால் போதாது. பூண்டியில் கொசஸ்தலையைத் தடுத்து நீர்த்தேக்கம் கட்டணும் என்பது திட்டம். ஆனா உலகப்போர் தொடங்கியிருந்தது. காங்கிரஸ் அமைச்சரவையும் பதவி விலகிவிட்டது. யாரை எதிர்த்து சிறைக்குப் போனாரோ, அதே அரசிடம் பேசித்தான் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. விடலை, வாங்கினார். 1940-ல் கவர்னர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார்.

1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் மறுபடி கைதாகி, உடல் நலிந்து, 1943 மார்ச் 28 அன்று காலமானார். நீர்த்தேக்கம் திறந்தது 1944-ல். அதில் தண்ணீர் நிறைந்ததை அவர் பார்க்கவே இல்லை.

இன்று அதன் பெயர் சத்தியமூர்த்தி சாகர். கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. கண்டலேறிலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் இங்கேதான் வந்து சேருது. அரசியல்ல எதிரியா இருந்தாலும், ஊர் தாகத்துக்காக அவங்ககிட்ட உட்கார்ந்து பேசலாம்னு காட்டியவர் அவர். அடுத்த தடவை சென்னையில குழாயைத் திறக்கும்போது அவரையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க, ஃபிரெண்ட்ஸ்.